கம்பனியின் சட்டக் கடப்பாடுகளும் பணிப்பாளரின் பொறுப்பும்

க.பொ.த. (உயர்தரம்) – வணிகக் கல்வி



கம்பனியின் அனுகூலங்கள் யாவை என்று கேட்டால் உங்களில் பெரும்பாலானோர் தூக்கத்திலும் விடை சொல்வீர்கள். தனியான சட்ட ஆளுமை, வரையறுத்த பொறுப்பு, தொடர்ச்சியான நிலவுகை. மூன்றும் சரியானவையே. ஆனால் வினா சற்றுத் திரும்பி, "இக்கம்பனியின் பணிப்பாளர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவாரா? காரணம் தருக" என்று வந்ததும், "இல்லை, கம்பனிக்கு வரையறுத்த பொறுப்பு உண்டு" என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அவ்வொரு வரியில் இரண்டு பிழைகள் உள்ளன. அவை எவை என்று விளங்கிக்கொண்டால் இப்பாட அலகில் பாதி முடிந்தது என்று கொள்ளலாம்.

யாருடைய பொறுப்பு வரையறுக்கப்பட்டது?

முதலாவது பிழை: வரையறுத்த பொறுப்பு கம்பனிக்கு உரியது அன்று. கம்பனி தான் பட்ட கடன் முழுவதற்கும், தன்னிடமுள்ள கடைசிச் சதம் வரை பொறுப்புடையது. வரையறுக்கப்பட்டிருப்பது பங்குதாரரின் பொறுப்பே. அவர் தமது பங்குகளுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையில் இன்னும் செலுத்தாத மீதி ஏதும் இருப்பின் அதைச் செலுத்த வேண்டும். அதற்கு மேல் அவருடைய வீட்டையோ காணியையோ கம்பனியின் கடன்கொடுத்தோர் தொட முடியாது.

இரண்டாவது பிழை: பங்குதாரரையும் பணிப்பாளரையும் ஒருவராக எண்ணுவது. எமது ஊர்களில் சிறிய கம்பனிகளில் இருவரும் ஒரே ஆளாகவே இருப்பதால் இக்குழப்பம் ஏற்படுகிறது. ஒரே ஆள் இரண்டு தொப்பி அணிந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பங்குதாரர் என்ற தொப்பியோடு அவருக்குப் பாதுகாப்பு உண்டு. பணிப்பாளர் என்ற தொப்பியோடு அவருக்குக் கடமைகள் உண்டு. கடமை தவறினால் பங்குதாரருக்குரிய பாதுகாப்பை அவர் கேட்க முடியாது.

இங்கே சலமன் எதிர் சலமன் கம்பனி வழக்கை நினைவுகூர வேண்டும். லண்டனில் தோற்காலணி வியாபாரம் செய்த அரோன் சலமன் தமது வியாபாரத்தைக் கம்பனியாக மாற்றினார். வழங்கப்பட்ட 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. கம்பனி நொடித்தபோது, இது உண்மையில் சலமனின் சொந்த வியாபாரமே, ஆகவே கடனையும் அவரே தீர்க்க வேண்டும் என வாதிடப்பட்டது. 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை நிராகரித்தது. சட்டப்படி அமைக்கப்பட்ட கம்பனி, தன்னை அமைத்தவரிலிருந்து வேறான ஓர் ஆள் எனத் தீர்க்கப்பட்டது.

வழக்கமான குறிப்புகள் இவ்வளவோடு நின்றுவிடும். நாம் ஒரு படி மேலே சென்று, கடன்கொடுத்தவரின் பக்கம் இருந்து பார்ப்போம். அவருக்கு எதிரே நிற்கும் ஆளுக்கு முகமும் இல்லை, வீடும் இல்லை. பின்னால் இருப்பவர்களைப் பிடிக்கவும் முடியாது. அப்படியானால் அவர் எதை நம்பிக் கடன் கொடுப்பார்? இதற்காகவே சட்டம் கம்பனியிடம் சில தகவல்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. நீ யார், எங்கே இருக்கிறாய், உன்னை நடத்துபவர் யார், உன்னிடம் என்ன இருக்கிறது, அது குறைந்துவிட்டதா? நாம் கற்கும் கடப்பாடுகள் எல்லாம் இந்த ஐந்து வினாக்களில் ஏதாவது ஒன்றுக்கான விடையே. இதை மனதில் கொண்டால் பட்டியலாக மனனம் செய்ய வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

கூட்டிணைத்தலும் அதன் பின்னரும்

இலங்கையில் தற்போது நடைமுறையிலுள்ள சட்டம் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமாகும். இது 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பங்குகளுக்கு முகப்பெறுமதி குறிக்கும் முறை ஒழிக்கப்பட்டுக் "கூறப்பட்ட மூலதனம்" என்ற எண்ணக்கரு வந்ததும், ஒரேயொரு பங்குதாரருடன் கம்பனி அமைக்க இடமளிக்கப்பட்டதும் இச்சட்டத்தினாலேயே. பழைய குறிப்புப் புத்தகங்களை வைத்திருப்போர் இவ்விடங்களைத் திருத்திக்கொள்க.

தனியார் கம்பனியின் அமைப்பு விதிகள் பொதுமக்களுக்குப் பங்கு வழங்குவதைத் தடைசெய்ய வேண்டும். பங்குதாரர் தொகை 50ஐ மேற்படலாகாது (ஊழியரும் முன்னாள் ஊழியரும் இத்தொகையில் சேரார்). தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளர் போதும். பொதுக் கம்பனிக்கு ஆகக் குறைந்தது இருவர் வேண்டும். எல்லாக் கம்பனிக்கும் ஒரு செயலாளர் இருத்தல் அவசியம்.

பெயர் அங்கீகரிக்கப்பட்ட பின்னர் விண்ணப்பம் (படிவம் 1), பணிப்பாளரின் சம்மதம் (படிவம் 18), செயலாளரின் சம்மதம் (படிவம் 19), அமைப்பு விதிகள் ஆகியன கம்பனிப் பதிவாளரிடம் சமர்ப்பிக்கப்படும். இப்பொழுது இவை இணையவழியாகவே செய்யப்படுகின்றன. படிவம் 18ஐ நினைவில் வைத்திருங்கள், பின்னர் அதற்குத் திரும்புவோம்.

கூட்டிணைப்புச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். கடப்பாடுகள் அன்றுதான் தொடங்குகின்றன. கூட்டிணைக்கப்பட்டு 30 வேலை நாட்களுக்குள் கம்பனியின் பெயர், இலக்கம், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றைக் குறித்துப் பகிரங்க அறிவித்தல் கொடுக்க வேண்டும். பங்குதாரர் பதிவேடு, கூட்ட அறிக்கைகள், கணக்குப் பதிவேடுகள் முதலியன பேணப்பட வேண்டும். பணிப்பாளரோ செயலாளரோ மாறினால் 20 வேலை நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் (படிவம் 20). 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இன்னொரு கடப்பாட்டையும் சேர்த்தது. பங்கு யாருடைய பெயரில் இருந்தாலும், உண்மையில் கம்பனியின் நன்மையை அனுபவிக்கும் அல்லது அதனைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர் யார் என்பதையும் கம்பனி வெளிப்படுத்த வேண்டும். மேலே கூறிய "நீ யார்" என்ற வினாவின் தொடர்ச்சியே இது.

ஒரு குறிப்பு: "வேலை நாட்கள்" என்பதில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் சேரா. போயா தினமும் சேராது. எனவே 20 வேலை நாட்கள் என்பது ஏறத்தாழ ஒரு மாதம். வினாவில் "நாட்கள்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

ஐந்தொகைத் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் நிதிக்கூற்றுக்களைத் தயாரிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளரை நியமிக்க வேண்டும். கம்பனியின் பணிப்பாளரோ ஊழியரோ அதன் கணக்காய்வாளராக இருக்க முடியாது. பொதுக்கூட்டம் முடிந்து 30 வேலை நாட்களுக்குள் ஆண்டுத் திரட்டு (படிவம் 15) பதிவாளருக்குச் செல்ல வேண்டும். தனியார் கம்பனி அல்லாதவை தமது நிதிக்கூற்றுக்களையும் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். தனியார் கம்பனிக்கு இவ்விடயத்தில் விலக்கு உண்டு.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஆண்டுப் பொதுக்கூட்டத் திகதி. ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் ஒரு கூட்டம், ஐந்தொகைத் திகதிக்குப் பின் 6 மாதங்களுக்குள், முந்திய கூட்டத்திலிருந்து 15 மாதங்களுக்குள் என மூன்று நிபந்தனைகள் உள்ளன. மூன்றும் ஒருங்கே நிறைவேற வேண்டும். கம்பனியின் முதலாவது கூட்டத்துக்கு மட்டும் கூட்டிணைத்ததிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கம்பனியின் ஐந்தொகைத் திகதி 2024 மார்ச் 31. முந்திய கூட்டம் 2023 யூன் 12இல் நடந்தது. 2024இன் கூட்டத்தை எப்போதைக்குள் நடத்த வேண்டும்? "செப்டெம்பர் 30" எனப் பலர் எழுதுவர். 6 மாத நிபந்தனைக்கு அது சரி. ஆனால் 15 மாத நிபந்தனைப்படி 2024 செப்டெம்பர் 12க்குள் நடத்தியாக வேண்டும். இரண்டில் முந்தி வருவதே இறுதித் திகதி. அழைப்பு 15 வேலை நாட்களுக்கு முன்னரே போக வேண்டும் என்பதால் செயலாளர் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே ஆயத்தமாகிவிட வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பக் கம்பனியும் மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்க வேண்டுமா என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. தேவையில்லை. வாக்குரிமையுள்ள பங்குதாரரில் 85 சதவீதத்துக்குக் குறையாதோர், 85 சதவீத வாக்குகளுக்குக் குறையாமல் கொண்டோர், எழுத்திலான தீர்மானத்தில் ஒப்பமிட்டால் கூட்டத்துக்குப் பதிலாக அது ஏற்கப்படும். ஆனால் அந்த எழுத்து இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் "ஓம்" என்று சொன்னது தீர்மானம் ஆகாது.

இவற்றைச் செய்யாவிடின் என்ன? இங்கேதான் நாம் தொடக்கத்தில் பார்த்த விடயம் வருகிறது. இத்தகைய தவறுகளில் கம்பனி மட்டுமன்றி, தவறிழைத்த ஒவ்வோர் உத்தியோகத்தரும் குற்றவாளியாவர் எனச் சட்டம் கூறுகிறது. "உத்தியோகத்தர்" என்பதில் பணிப்பாளர் அடங்குவார். அவர் மீது விதிக்கப்படும் தண்டப்பணம் அவருடைய சொந்தப் பொறுப்பு. வியாபாரமே நடக்காமல் முடங்கிக் கிடக்கும் கம்பனிக்கும் ஆண்டுத் திரட்டு உண்டு. பதிவாளர் அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டாலும் பணிப்பாளரின் பொறுப்பு தொடரும்.

கம்பனி ஆட்களை வேலைக்கு அமர்த்தினால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து 3 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பதை நீங்கள் வேறோர் அலகில் கற்றிருப்பீர்கள். அவை கம்பனிகளுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் இங்கு விரிக்கவில்லை.

பெயருக்கு மட்டும் பணிப்பாளர்

எமது பகுதிகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாமா கம்பனி ஒன்றைத் தொடங்குகிறார். வங்கி அலுவல்களுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ தம்முடைய பெயரைப் போட விரும்பவில்லை. உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் மருமகனிடம், "தம்பி, பெயருக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போடு, மிச்சம் எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்கிறார். மருமகனுக்கு 19 வயது. படிவம் 18இல் ஒப்பமிடுகிறார். மாமா கேட்டால் மறுக்க முடியுமா?

முதலில், அவர் பணிப்பாளராக முடியுமா? முடியும். 18 வயதுக்குக் குறைந்தவர், கடன் விடுவிக்கப்படாத வங்குரோத்தானவர், நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டவர் போன்றோரே தகுதியற்றோர். இயற்கை ஆள் அல்லாத ஒன்று, அதாவது இன்னொரு கம்பனி, பணிப்பாளராக முடியாது. எமது மருமகன் இவற்றில் எதிலும் சேரவில்லை.

அடுத்து, அவருடைய கடமைகள் யாவை? நன்னம்பிக்கையுடனும் கம்பனியின் நலன் எனத் தாம் நம்புவதற்கேற்பவும் செயற்படல் (பிரிவு 187), சட்டத்தையும் அமைப்பு விதிகளையும் மீறாதிருத்தல் (பிரிவு 188), பொறுப்பற்ற முறையிலோ பாரதூரமான கவனயீனத்துடனோ செயற்படாது, தமது அறிவும் அனுபவமும் உடைய ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய திறனையும் கவனத்தையும் காட்டல் (பிரிவு 189). கம்பனி செய்யும் கொடுக்கல் வாங்கலில் தமக்கு அக்கறை இருப்பின் அதைப் பணிப்பாளர் சபைக்கு வெளிப்படுத்தி அக்கறைகள் பதிவேட்டில் பதியச் செய்தல் (பிரிவு 192). தனியார் கம்பனியில் பங்குதாரர் அனைவரும் உடன்பட்டால் இப்பதிவேட்டைத் தவிர்க்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, கம்பனி தன் பணிப்பாளருக்குக் கடன் கொடுக்கவும் முடியாது.

"பெயருக்கு மட்டும் பணிப்பாளர்" என்ற ஒரு வகையை இச்சட்டத்தில் தேடினாலும் காண முடியாது. ஒப்பமிட்டவர் பணிப்பாளர், அவ்வளவுதான். "மாமா பார்த்துக்கொள்வார் என நம்பினேன்" என்று மருமகன் சொல்லலாமா? பிறர் தரும் அறிக்கையிலும் ஆலோசனையிலும் தங்கியிருக்கச் சட்டம் பணிப்பாளருக்கு இடமளிக்கிறது. ஆனால் அவர் நன்னம்பிக்கையுடன் இருக்க வேண்டும், விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரித்திருக்க வேண்டும், நம்பத்தகாதது எனத் தெரிந்திருக்கக் கூடாது. ஒரு காகிதத்தையும் பார்க்காமல் வெற்றுக் காசோலைகளில் ஒப்பமிட்டுக் கொடுத்தவர் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றினார் என்று காட்டுவது கடினம்.

மாமா தப்பித்துக்கொண்டாரா? அதுவும் இல்லை. யாருடைய பணிப்புரைப்படி பணிப்பாளர் சபை வழக்கமாக நடக்கிறதோ, அவரும் இக்கடமைகளின் பொருட்டுப் பணிப்பாளராகவே கொள்ளப்படுவார். பரீட்சையில் இந்த இரண்டாவது பாதியை எழுதுவோர் மிகக் குறைவு. எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

கையெழுத்துக் கேட்டு யாரும் உங்களிடம் வந்தால் மறுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள், காசோலையில் தொகை எழுதிய பின் ஒப்பமிடுங்கள். நல்ல மாமாவாக இருந்தால் கோபிக்கமாட்டார்.

நட்டம் வரும்போது

நல்ல காலத்தில் யாரும் சட்டத்தைத் தேடுவதில்லை. கம்பனி நட்டப்படும்போதே பணிப்பாளரின் கடமைகள் கடுமையாகின்றன. இங்கு மூன்று விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடன்தீர் ஆற்றல் சோதனை (பிரிவு 57): வழமையான வியாபார ஓட்டத்தில் கடன்கள் தவணை வரும்போது அவற்றைச் செலுத்தக் கம்பனியால் இயலவேண்டும். அத்துடன் சொத்துக்களின் பெறுமதி, பொறுப்புக்களையும் கூறப்பட்ட மூலதனத்தையும் கூட்டிய தொகையை விட அதிகமாக இருக்க வேண்டும். பங்கிலாபம் போன்ற பகிர்வுகள் செய்த பின்னரும் இச்சோதனை நிறைவேறும் எனப் பணிப்பாளர் சபை திருப்திப்பட்டிருத்தல் வேண்டும். இல்லாதபோது பகிர்ந்தால், நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறிய பணிப்பாளரிடமிருந்து அப்பணம் அறவிடப்படலாம்.

மூலதனத்தின் பாரதூரமான இழப்பு (பிரிவு 220): தேறிய சொத்துக்கள் கூறப்பட்ட மூலதனத்தின் அரைவாசியிலும் குறைந்துவிட்டதாக ஒரு பணிப்பாளருக்குத் தெரியவந்தால், 20 வேலை நாட்களுக்குள் சபை விசேட பொதுக்கூட்டத்தை அழைக்க வேண்டும். கூட்டம் 40 வேலை நாட்களுக்குள் நடைபெற வேண்டும். நட்டத்தின் தன்மை, காரணம், எடுக்கப்படும் நடவடிக்கை என்பன பற்றிய அறிக்கையைப் பங்குதாரருக்கு வைக்க வேண்டும்.

கடன் செலுத்த இயலாமை (பிரிவு 219): தவணை வரும் கடன்களைக் கம்பனியால் செலுத்த முடியாது எனப் பணிப்பாளர் நம்பினால் உடனே சபைக் கூட்டத்தை அழைத்து, கம்பனியைக் கலைக்க விண்ணப்பிப்பதா, தொடர்ந்து நடத்துவதா எனத் தீர்மானிக்க வேண்டும். அழைக்காமல் விட்டு, பின்னர் கம்பனி கலைக்கப்பட்டால், தொடர்ந்து வியாபாரம் செய்ததால் கடன்கொடுத்தோருக்கு ஏற்பட்ட நட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அந்தப் பணிப்பாளரே ஈடுசெய்ய வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிடலாம். தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு நேரடி விடை இப்பிரிவே.

என் அபிப்பிராயத்தில் சட்டத்தின் மிக நியாயமான பகுதி இதுதான். நட்டப்பட்டதற்காக அது எவரையும் தண்டிக்கவில்லை. நட்டம் தெரிந்தும் வாய்மூடி இருந்து, புதிதாகக் கடன் வாங்குவதையே பிடிக்கிறது. நெல்லைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயியை எண்ணிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

பயிற்சி வினா

மூன்று சகோதரர்கள் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் உள்ள ஒரு தனியார் கம்பனி அரிசி ஆலை நடத்துகிறது. கூறப்பட்ட மூலதனம் ரூபா 40 இலட்சம். மொத்தச் சொத்துக்கள் ரூபா 95 இலட்சம். மொத்தப் பொறுப்புக்கள் ரூபா 78 இலட்சம். நெல் வழங்கியோரின் கடன்கள் இதுவரை தவணைக்குச் செலுத்தப்பட்டு வருகின்றன. மூத்த சகோதரர் தமது மகளின் திருமணச் செலவுக்காக ரூபா 6 இலட்சம் பங்கிலாபம் பகிருமாறு கேட்கிறார். (அ) பகிரலாமா? (ஆ) சபை உடனடியாகச் செய்ய வேண்டியது யாது? (இ) பங்கிலாபத்துக்குப் பதிலாக அத்தொகையைக் கம்பனியிலிருந்து கடனாக அவர் எடுக்கலாமா?

விடைக் குறிப்பு

(அ) பொறுப்புக்களும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்து 78 + 40 = 118 இலட்சம். சொத்துக்கள் 95 இலட்சம் மட்டுமே. கடன்கள் தவணைக்குச் செலுத்தப்படுவதால் சோதனையின் முதற்பகுதி இதுவரை நிறைவேறினாலும், இரண்டாம் பகுதி நிறைவேறவில்லை. இரண்டும் நிறைவேற வேண்டுமாதலால் பகிர முடியாது. "கடனைக் கட்டுகிறார்கள்தானே, ஆகவே பகிரலாம்" என எழுதுவதே இங்கு பொதுவான பிழை.

(ஆ) தேறிய சொத்துக்கள் 95 – 78 = 17 இலட்சம். மூலதனத்தின் அரைவாசி 20 இலட்சம். 17 அதனிலும் குறைவாதலால் பிரிவு 220 பொருந்தும். 20 வேலை நாட்களுக்குள் விசேட பொதுக்கூட்டத்தை அழைத்து, 40 வேலை நாட்களுக்குள் நடத்த வேண்டும். பங்குதாரரும் பணிப்பாளரும் அதே மூவர்தானே, யாருக்கு அழைப்பு என்று கேட்கலாம். இரண்டு தொப்பிகளையும் நினைவிற்கொண்டு, அழைப்பையும் அறிக்கையையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என எழுதுக.

(இ) அவர் பணிப்பாளராதலால் கம்பனி அவருக்குக் கடன் கொடுப்பது பொதுவாகத் தடை. விதிவிலக்குகள் எவற்றிலும் மகளின் திருமணச் செலவு அடங்காது.